அப்பாவின் இடப்பக்க முகம்

செப்டெம்பர் 4, திங்கள்

இன்று ஜெயசீலன் தட்டுகளை ஒரு கையால் கழுவினார். இடது கை விலாவோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டைத் தொட்டியின் விளிம்போடு சேர்த்து வயிற்றால் அழுத்திப் பிடித்து, வலது கையால் தேய்த்தார். ஒன்று வழுக்கி விழுந்து உடைந்தது.

"கைக்கு என்ன?"

"தோள்மூட்டு பிடிச்சுப்போட்டுது."

காலையில் அதே கையைக் கொடுத்துத்தான் அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் இருத்தினார். நான் உடைந்ததைக் கூட்டி அள்ளினேன்.

மருந்துப் பரிசோதனை முடிவுகளைச் சரிபார்ப்பது என் தொழில். அளவுக்கு மிஞ்சி ஒழுங்காக வரும் முடிவுகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்வேன். அப்பா பக்கவாதத்தோடு மருத்துவமனையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது மே மாதத்தில். அன்றிலிருந்து இந்த வீட்டில் எல்லாம் அளவுக்கு மிஞ்சி ஒழுங்காக நடக்கிறது. கஞ்சி நேரத்துக்கு வருகிறது. மாத்திரைகள் பிசகுவதில்லை. அப்பாவின் நகங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இவ்வளவையும் செய்பவர் ஜெயசீலன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இத்தனை வருடமாக அப்பாவிடம் "சுகமாயிருக்கிறீங்களோ மாமா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர்.

செப்டெம்பர் 9, சனி

அப்பாவின் படுக்கை விரிப்புகள், என் இரண்டு சேலைகள், திரைச்சீலை எல்லாம் துவைத்தேன். லண்டன் ஹரோவில் மழை. எதுவும் காயவில்லை.

கணவரின் தொழில் என்ன என்று எவராவது கேட்டால் நான் இன்னும் ஒரு கணம் தயங்குகிறேன். நடிகர் என்று சொன்னால் அடுத்த கேள்வி எதில் என்பது. சொன்னால் அவர்களுக்கு நினைவு வராது. முகம் நினைவு வரலாம். ஜெயசீலன் பத்தொன்பது வயதில் அகதியாக வந்தவர். பெட்ரோல் நிலையத்தில் நின்றபோது ஆங்கிலம் பழகவென்று மாலை நாடக வகுப்பில் சேர்ந்தார். அங்கிருந்து யாரோ தொலைக்காட்சிக்கு அழைத்துப் போனார்கள். மருத்துவமனைத் தொடர் ஒன்றில் கட்டில் தள்ளுபவர். அதன்பின் கடைக்காரர், டாக்ஸி ஓட்டுநர், இரண்டாவது மருத்துவர், சந்தேக நபரின் தந்தை, பிணவறையில் ஒரு பிணம். பாகிஸ்தானியாக இருந்திருக்கிறார், வங்காளியாக, ஒருமுறை எகிப்தியராக. தமிழராக ஒருமுறையும் இல்லை. பாதிப் பேருக்குப் பெயரே கிடையாது.

அவர் ஆட்களின் அசைவுகளைச் சேர்ப்பவர். ரயிலில் ஒருவர் காது குடைவதைப் பார்த்தால் தன் நிலையத்தில் இறங்காமல் அடுத்த நிலையம்வரை போவார். எங்கள் கல்யாணத்தில் ஐயர் அடிக்கடி செய்த ஒரு தலையசைவு, பல வருடம் கழித்து அவர் நடித்த ஒரு இருதய மருத்துவரின் கழுத்தில் வந்தது. நான்தான் கண்டுபிடித்தேன். சிரித்தோம். அவர் என்னிடமிருந்து எதை எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. எடுக்காமல் இருந்திருக்க மாட்டார்.

அப்பா அவருடைய நடிப்பைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அப்பாவும் அம்மாவும் முதன்முறை லண்டன் வந்திருந்த சமயம். தொலைக்காட்சியில் ஜெயசீலன் ஒரு கடைக்குள் முழங்காலில் நின்று, கத்தி வைத்திருந்த வெள்ளைக்காரப் பொடியன் ஒருவனிடம் அழுது மன்றாடிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் செய்திருந்தார். அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். வெள்ளைச் சீருடையில் நிலைய அதிபராக ரயில் நிலையங்களை ஆண்டு ஓய்வுபெற்றவர் அவர். அம்மாவிடம் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது: "கூத்தாடுறதெண்டாலும் ராசாவா ஆடக்கூடாதோ?"

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அப்பா இருக்கும் நேரத்தில் தொலைக்காட்சி போட்டதில்லை.

செப்டெம்பர் 12, செவ்வாய்

இன்று அவர் இடது காலை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். தோள்மூட்டு வலி காலுக்கு இறங்கிவிட்டது போலும்.

செப்டெம்பர் 17, ஞாயிறு

கடைக்குப் போய்த் திரும்பியபோது முன் அறைக் கதவு திறந்திருந்தது. அப்பாவின் கட்டில் அங்கேதான் போட்டிருக்கிறோம். ஜெயசீலன் தன் கைபேசியைப் பூச்சாடியில் சாய்த்து வைத்து, அப்பா கஞ்சி குடிப்பதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தியிருந்து, படத்தில் பார்க்காமல், நேரில் அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைக்க வேண்டிய இடத்தில் துடைக்கவில்லை. கஞ்சி நாடிவரை வழிந்த பிறகுதான் துணியை எடுத்தார்.

"என்ன செய்யிறீங்கள்?"

"பிசியோ கேட்டவ. விழுங்கிறது எப்பிடியிருக்கெண்டு பாக்கவேணுமாம்."

"சாப்பிட்டீங்களா அப்பா?" என்று கேட்டுவிட்டு மரக்கறிப் பைகளைச் சமையலறைக்குக் கொண்டுபோனேன்.

செப்டெம்பர் 18, திங்கள்

மதிய இடைவேளையில், அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் படம் எதுவும் கேட்கவில்லை. நல்ல யோசனைதான், இருந்தால் அனுப்புங்கள் என்றார்.

செப்டெம்பர் 21, வியாழன்

அலுவலகத்தில் கணினிகள் இயங்கவில்லை. எல்லோரையும் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கதவைத் திறந்து உள்ளே வந்ததும் மாடியிலிருந்து அப்பாவின் குரல் என்னைக் கூப்பிட்டது. "தர்மி... பிள்ளை தர்மி..." பக்கவாதத்துக்குப் பிறகு வந்த குரல் அது. எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஈரமாக வரும். அப்பாவால் மாடிப்படி ஏற முடியாது. எப்படியோ ஏறி விழுந்து கிடக்கிறார் என்று நினைத்தேன். கைப்பையோடு ஓடினேன். குரல் குளியலறையிலிருந்து வந்தது. கதவைத் தள்ளினேன்.

ஜெயசீலன் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவருடைய வாயின் இடது முனை கீழே இறங்கியிருந்தது. என்னைக் கண்டதும் தன் சொந்த முகத்துக்குத் திரும்ப அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. அந்த இடைவெளியில் அவர் அப்பாவின் வாயால் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கீழே போய் முன் அறையை எட்டிப் பார்த்தேன். அப்பா போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்.

"சொல்லவேணுமெண்டுதான் இருந்தனான்," என்றார் ஜெயசீலன் பின்னால் வந்து. "ஒரு தொடர். ஆறு பாகம். லெஸ்டரில கடை வைச்சிருக்கிற ஒரு தமிழ்க் கிழவன். பாரிசவாதம் வந்த ஆள். கதையே அவரைச் சுத்தித்தான். அவருக்குப் பேர் இருக்கு தர்மி. திருச்செல்வம். முழுப் பேர். நடிக்க ஆள் எடுக்கிற கடைசித் தெரிவு ஒக்டோபர் மூண்டாம் திகதி."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"ஜூன்ல கேட்டவை."

"ஜூன் எப்ப?"

"நீர் என்ன, பொலிஸோ?"

"காலமை வந்து அப்பாவைக் குளிப்பாட்டின பிள்ளையை நிப்பாட்டினதும் ஜூன்."

நகரசபை அனுப்பிய பெண் அவள். மாமாவுக்கு வெட்கமாக இருக்கிறது, நானே செய்கிறேன் என்று ஜெயசீலன் அன்று சொன்னார். அக்காவிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை," என்றார்.

"எது முதல் நடந்தது?"

"ஞாபகமில்லை."

பெட்ரோல் நிலைய நாட்களில் பழகிய வசனங்களை இன்றும் ஒரு சொல் தவறாமல் சொல்லக்கூடியவர்.

செப்டெம்பர் 24, ஞாயிறு

கனடாவில் ரொறன்ரோவிலிருந்து வானதி அக்கா தொலைபேசி எடுத்தாள். சொல்லக்கூடாது என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

"அதுக்கென்னடி இப்ப?" என்றாள்.

"அப்பாவைக் களவெடுக்கிறார் அக்கா. முகத்தை, குரலை, எச்சில் வடியிறதை. அதுக்காகத்தான் இவ்வளவு அன்பு."

"உன்ர மனுசன் அப்பாவைக் குளிப்பாட்டித் துடைச்சு விடுறார். என்ர மனுசன் அப்பா போனில வந்தாலே பாத்ரூமுக்குள்ள ஓடி ஒளிக்கிறார். அன்போ நடிப்போ, ஒரு கிழமைக்கு இஞ்சை அனுப்பி விடன்."

"நீ எல்லாத்தையும் பகிடியாக்கு."

"சரி, அப்பா என்ன சொல்லுறார்?"

"அவருக்குத் தெரியாது."

"கேட்டனியோ?"

குழம்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

செப்டெம்பர் 26, செவ்வாய்

ஜெயசீலனிடம் நிறுத்தச் சொன்னேன். மாமாவிடம் கேட்டுத்தான் செய்கிறேன் என்றார். நம்பவில்லை. முழங்காலில் நின்ற காட்சிக்கே எழுந்து போன மனிதர் தன் கோணிய வாயை ஊருக்குக் காட்ட ஒத்துக்கொள்வாரா? அப்பாவிடம் நேரே கேட்கலாம்தான். ஆனால் அப்பாவுக்கு இது தெரியாது என்றால், கேட்பதே அவரை அவமானப்படுத்துவதாகிவிடும். ஆகவே கேட்கவில்லை.

செப்டெம்பர் 29, வெள்ளி

வேலை முடிந்து வரும் வழியில் இருக்கும் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. நடையில் ஒரு மீன் தொட்டி. அவித்த முட்டைக்கோஸ் மணம். காட்டிய அறையின் சன்னல் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்திருந்தது. ஒக்டோபர் இறுதியில் இடம் கிடைக்கும் என்றார் அதை நடத்தும் பெண். உங்கள் தகப்பனாருக்கு எது பிடிக்கும், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், எந்தக் கன்னத்தில் சாப்பாடு தங்குகிறது என்றெல்லாம் கேட்டார். கணவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இடத்தைப் பதிந்துவிட்டு வந்தேன். வீட்டில் சொல்லவில்லை. அப்பாவை அந்தக் கண்களிடமிருந்து எடுத்துவிடுவது ஒன்றுதான் வழி.

ஒக்டோபர் 3, செவ்வாய்

ஜெயசீலன் காலையிலேயே தெரிவுக்குப் போய்விட்டார். நான் வீட்டிலிருந்து வேலை செய்தேன். அப்பாவை அவர்தான் எழுப்பி, கழுவி, நாற்காலியில் இருத்திவிட்டுப் போயிருந்தார். நான் கஞ்சியைச் சூடாக்கி, கரண்டியை அப்பாவின் வலது கையில் கொடுத்துவிட்டு மேசைக்குத் திரும்பினேன். தானே சாப்பிடப் பழகுவது நல்லது.

மத்தியானம் அப்பா கூப்பிட்டார். மருமகனை அவர் தம்பி என்றுதான் சொல்வார்.

"தம்பி எப்ப வருவார்?"

"பின்னேரமாகும் அப்பா. என்ன வேணும்?"

"ஒண்டுமில்லை."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கேள்வி. அப்போது எனக்குக் கணினியில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று, ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள் என்றேன். "அவர் வரட்டும்," என்றார். நான் வற்புறுத்தவில்லை. ஒருவருடைய கௌரவத்தை மதிப்பதும் பராமரிப்புதான்.

ஜெயசீலன் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சப்பாத்தைக் கழற்றாமலே முன் அறைக்குள் போனார். சிறிது நேரத்தில் சலவை இயந்திரம் ஓடியது. அப்பாவின் காற்சட்டையோடு நாற்காலி மெத்தையின் உறையும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதும் அவருக்கு நன்றாக வரும்.

ஒக்டோபர் 8, ஞாயிறு

தோட்டத்தில் இலைகளைக் கூட்டி முடித்துவிட்டு உள்ளே வந்தேன். முன் அறையில் யாரோ சிரிக்கும் சத்தம். வீட்டுக்கு எவரும் வருவதாக இல்லை.

கதவு அரைவாசி திறந்திருந்தது. அப்பா எனக்கு முதுகு காட்டி நாற்காலியில் இருந்தார். எதிரே ஜெயசீலன் இன்னொரு நாற்காலியில், அதே சரிவில், மடியில் அதே போல ஒரு துவாயோடு. கையில் கரண்டி. சிரித்தது அப்பா.

"உது பிழை," என்றார் அப்பா. அவர் பேச்சு மெதுவாகத்தான் வரும். அங்கே யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. "இடக் கையை ஏன் நடுக்கிறீர்? எனக்கு நடுங்கிறேல்லை. அது சும்மா கிடக்குது. செத்த மீன் மாதிரி."

"பாக்கிற சனத்துக்கு ஒரு நடுக்கம் வேணும் மாமா. இல்லாட்டி வாதமெண்டு விளங்காது."

"சனம் அவசரப்படுதெண்டு சிக்னலை மாத்துறதோ?"

ஜெயசீலன் கையை மடியில் போட்டார். அது செத்த மீனாகக் கிடந்தது.

"ம். இப்ப சரி. கதை எப்பிடி முடியுது?"

"மகன் கடையை விக்கப்போறான். கிழவன் அவனுக்கு முன்னால உடைஞ்சு அழவேணும்."

"அழமாட்டான்."

"எழுதியிருக்கு மாமா."

"எழுதினவனுக்கு வாதம் வந்ததோ?" அப்பா மூச்சு வாங்கிக்கொண்டார். "அழுதா ஒரு பக்கம்தான் அழும். மற்றப் பக்கம் சும்மா நிக்கும். அது எவ்வளவு வடிவில்லையெண்டு அவனுக்குத் தெரியும். அதால அழமாட்டான். நாங்கள் வேற மாதிரிச் செய்வம்."

நாங்கள் என்றார்.

அப்பாவின் முகம் அப்போது எப்படியிருந்தது என்பதை நான் ஜெயசீலனின் முகத்தில்தான் பார்த்தேன். அது அவ்வளவு துல்லியமாக இருந்தது. நான் சத்தமில்லாமல் சமையலறைக்குப் போனேன்.

முதியவர்களை ஏமாற்றுபவர்கள் முதலில் செய்வது அவர்கள் பேச்சைப் பொறுமையாகக் கேட்பதுதான். இதைப் பற்றி எங்கோ வாசித்திருக்கிறேன்.

ஒக்டோபர் 11, புதன்

அவருக்கு அந்தப் பாத்திரம் கிடைத்துவிட்டது. நவம்பர் 6 படப்பிடிப்பு தொடங்குகிறது. தொலைபேசியை வைத்ததும் முன் அறைக்குத்தான் ஓடினார். எனக்குப் பிறகு சொன்னார்.

ஒக்டோபர் 14, சனி

ஜெயசீலனிடம் பராமரிப்பு இல்லத்தைப் பற்றிச் சொன்னேன். மீன் பொரித்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்தார்.

"மாமாவுக்குத் தெரியுமோ?"

"நாளைக்குச் சொல்லப்போறன்."

"என்னிலயிருந்து அவரைக் காப்பாத்துறீர்."

"உங்கட வேலை முடிஞ்சுதானே. இனி அவர் உங்களுக்கு என்னத்துக்கு?"

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கரண்டியிலிருந்த எண்ணெயைச் சட்டிக்குள் வடியவிட்டார். "ஓம், நான் அவரைப் பாத்துப் படிச்சனான். இல்லையெண்டு சொல்லேல்லை. முதல் நாள் குளிப்பாட்டேக்கையே என்ர கண் படிக்கத் தொடங்கிட்டுது. அதை என்னால நிப்பாட்ட ஏலாது தர்மி. என்ர அம்மா செத்த செய்தி போனில வரேக்கையும் என்ர கை என்ன செய்யுதெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். ஆனா உம்மட பிரச்சினை அது இல்லை. நான் சூட்டிங் போனா அவருக்கு ஆர் செய்யிறது? அதுதான்."

"அது இல்லை."

"சரி. அப்ப நான் போகேல்லை. நாளைக்கே வேண்டாமெண்டு சொல்லுறன். அவர் இஞ்சை இருக்கட்டும்."

நல்ல இடத்தில் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். உண்மையிலேயே சொன்னாரா என்று தெரியவில்லை. இந்தப் பாத்திரத்துக்காக முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தவர்.

மீனை ஒருவரும் சாப்பிடவில்லை.

ஒக்டோபர் 15, ஞாயிறு

ஜெயசீலன் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அப்பாவிடம் சொன்னேன். நல்ல இடம், பிசியோ தினமும் வருவார், வீட்டிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரம் என்றேன். ஏன் என்று கேட்டார் அப்பா. அதனால் மற்றதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"இஞ்சை அவர் உங்களைப் பாத்துப் பழகுறார் அப்பா. நீங்கள் விழுங்கிறதை, இழுக்கிறதை. நாளைக்கு ஊர் உலகம் எல்லாம் பாக்கும். உங்களுக்கு அது வெக்கமில்லையோ?"

"ஆரைக் கேக்கிறாய்?"

"உங்களைத்தான்."

"கட்டில் காலைப் பாத்துக் கேக்கிறாய்."

நான் கட்டிலின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரியால வந்து எத்தினை மாசம்? நீ வாசல்ல நிண்டு 'சாப்பிட்டீங்களா அப்பா' எண்டுவாய். நான் வாய் திறக்க முதல் போயிடுவாய். இந்த வாய் கோணினாப் பிறகு என்ர முகத்தைப் பாத்துக் கதைச்ச ஆள் அவர் ஒராள்தான்."

"அவர் தன்ர வேலைக்குத்தானே அப்பா பாக்கிறார்."

"ஓம். நானும் வேலைக்குத்தான் ரயிலைப் பாத்தனான். ஆசையில இல்லை." எச்சிலை விழுங்கினார். அதற்கு நேரம் எடுத்தது. "என்ர ஸ்டேசனில ஒரு ரயிலும் முட்டேல்லை."

பிறகு, நான் கேட்காமலே, "அந்தப் பெட்டையை நிப்பாட்டச் சொன்னதும் நான்தான். வந்த ரெண்டாம் நாளே சொன்னனான். பேத்தி வயசு, அவள் என்னைக் கழுவிறதோ? தம்பி உன்னட்ட வந்து கேக்க ஒரு மாசம் பயந்து திரிஞ்சவர்," என்றார்.

இதையும் அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவை எவராலும் எதையும் சொல்லவைக்க முடிந்ததில்லை என்பதும் கூடவே தோன்றியது.

"நான் போகவேணுமெண்டா போறன்," என்றார். "ஆனா அவருக்காக எண்டு சொல்லாதை. உனக்குப் பாக்க ஏலாதெண்டு சொல்லு. அது எனக்கு விளங்கும். எனக்கே கண்ணாடி பாக்க விருப்பமில்லை."

நான் அறையை விட்டு வந்து, துவைக்க வேண்டியிராத உடுப்புகளை எடுத்துத் துவைத்தேன்.

ஒக்டோபர் 17, செவ்வாய்

இல்லத்துக்குத் தொலைபேசியில் வேண்டாமென்று சொன்னேன். காரணம் கேட்டார்கள். குடும்ப நிலைமை என்றேன். வேலையில் நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு அரைநாள் விடுப்புக் கேட்டிருக்கிறேன். ஜெயசீலனிடம் சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். நன்றி சொல்லவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஒக்டோபர் 28, சனி

கிழவன் அழக்கூடாது என்று ஜெயசீலன் இயக்குநரிடம் சொல்லியிருக்கிறார்.

"என்னவாம்?"

"யோசிக்கினமாம். எழுதின பொம்பிளைக்குப் பிடிக்கேல்லை. இவ்வளவு காலத்தில நான் ஒரு இடத்திலயும் வாய் திறந்தது இல்லை தர்மி. முழங்காலில நில் எண்டா நிண்டனான். இப்ப போய்ச் சட்டம் கதைக்கிறன் எண்டு ஏஜென்ட் ஏசுறா. மாமா சொன்னதைத்தான் சொன்னனான்."

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். நீண்ட நாளாகக் கேட்க நினைத்ததை அப்போது கேட்டேன்.

"என்னட்டயிருந்து என்ன எடுத்தனீங்கள்?"

அவர் யோசிக்கவே இல்லை. "வாசல்ல நிக்கிறதை."

"எதில?"

"சந்தேக நபரின் தகப்பன். பொலிஸ் மகன்ர அறையைத் தேடேக்குள்ள, உள்ளுக்கும் போகாமல் வெளியிலயும் போகாமல் நிப்பன். கதவு நிலையில ஒரு கை. எல்லாரும் நல்லாயிருக்கெண்டவை."

அந்தத் தொடரை நான் பார்த்திருக்கிறேன். நல்லாயிருக்கிறது என்று நானும் சொன்னேன்.

நவம்பர் 6, திங்கள்

விடிய முன் கார் வந்து ஜெயசீலனை ஏற்றிப் போயிற்று. அப்பாவைக் கழுவி நாற்காலியில் இருத்த எனக்கு அரைக் காலைப்பொழுது பிடித்தது. காற்சட்டையை எந்தக் காலில் முதலில் ஏற்றுவது என்று தெரியாமல் நின்றேன். "ஏலாத கால் முதல்," என்றார். சட்டைக்கும் அப்படியே. நான் தவறாகச் செய்த இடங்களில் அவர் ஏசவில்லை, காத்திருந்தார். எங்கள் இருவருக்கும் வியர்த்துவிட்டது.

பிறகு கஞ்சியைக் கொண்டுபோய், வாசலில் நிற்காமல், எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

இடப்பக்கக் கன்னத்தில் சுருக்கம் இல்லை. மூக்கிலிருந்து வாய்க்கு ஓடும் கோடு வலப்பக்கம் ஆழமாக இருக்கிறது, இடப்பக்கம் அழிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அப்பா பல வயது இளையவராகத் தெரிகிறார். நான் பள்ளிக்கூடம் போன காலத்து முகம் அரைவாசி அங்கே இருக்கிறது. கண் இமை முழுவதும் மேலே போவதில்லை. நாடியில் சவரம் செய்யும்போது ஜெயசீலன் தவறவிட்ட ஒரு வெள்ளை மயிர். விழுங்கிய பிறகும் இடது கன்னத்துக்குள் கஞ்சி கொஞ்சம் தங்குகிறது. வெளியே தெரியாது, கன்னம் ஒரு பக்கம் லேசாகப் புடைத்திருப்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொரு தடவை விழுங்குங்கோ என்று சொன்னேன். விழுங்கினார். புடைப்பு போய்விட்டது.

சரிதானா என்று பார்க்க இன்னும் கிட்டக் குனிந்தேன். கரண்டி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. அப்பா வலது கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன, நீயும் நடிக்கப் போறியோ?"

"இல்லையப்பா."

"அப்ப கரண்டியைக் கிட்டக் கொண்டா. கஞ்சி ஆறுது."